தேயிலை இல்லை, கமேலியா!

'1823-இல் ராபர்ட் புரூஸ் அசாமில் தேயிலையைக் கண்டுபிடித்தார்.' தேயிலை வரலாறு எழுதுகிற பெரும்பாலானோர் இந்த வரியை அப்படியே போட்டுவிடுகிறார்கள். சிங்போ மக்கள் அந்த இலையை அதற்கு முன்பே பக்குவம் செய்து, மூங்கில் குழாயில் அடைத்து வைத்துக் குடித்துவந்தார்கள். செடியை புரூஸுக்குத் தெரியப்படுத்தியதும் அவர்களுடைய தலைவர் பீசா காம்தான். இதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லவருவது வேறு. 'கண்டுபிடித்த' பிறகும், 1834 கடைசிவரை, அரசாங்கத்தின் கணக்கில் அது தேயிலையே இல்லை.

நடந்தது இதுதான். அசாமில் கம்பெனி அதிகாரியாக இருந்த டேவிட் ஸ்காட், 1825 வாக்கில் மாதிரிகளை கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே கண்காணிப்பாளர் டென்மார்க்காரர் நத்தானியேல் வாலிச். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது: இது கமேலியா, தேயிலை இல்லை. அதோடு விஷயம் தூங்கிவிட்டது.

இதைப் படித்ததும் வாலிச்சை முட்டாள்னு சொல்லத் தோன்றும். ஆனால் இன்றைக்குத் தேயிலையின் அறிவியல் பெயர் என்ன? கமேலியா சைனென்சிஸ்! லின்னேயஸ் 1753-இல் 'தியா', 'கமேலியா' என்று இரண்டு பேரினம் வைத்தார். 1818-லேயே ராபர்ட் ஸ்வீட் இரண்டையும் கமேலியாவுக்குள் சேர்த்துவிட்டார். 1887-இல் குன்ட்ஸே இன்றைய பெயரைக் கொடுத்தார். ஆக, 'கமேலியா' என்று வாலிச் சொன்ன பாதி இன்றைக்கும் செல்லும். 'தேயிலை இல்லை' என்ற மறுபாதிதான் தப்பு.

லின்னேயஸே இதில் சறுக்கியவர்தான். 1762-இல் கறுப்புத் தேநீருக்கு ஒரு செடி, பச்சைத் தேநீருக்கு வேறு செடி என்று நினைத்து, இதழ்களை எண்ணி, தியா போஹியா, தியா விரிடிஸ் என இரண்டு இனமாக்கினார். வித்தியாசம் செடியில் இல்லை, இலையைப் பதப்படுத்தும் விதத்தில்தான் என்று 1840-களில் சீனாவுக்குப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் நேரில் பார்த்து எழுதினார். சீனத்துத் தேயிலைக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

என் புகாரும் அதுதான். தியாவையும் கமேலியாவையும் இலையை வைத்துப் பிரிக்க முடியாது, காய் வேண்டும் என்பது அன்றைய நிலை. காய்க்காகக் காத்திருந்தது நியாயம். ஆனால் அந்த இலையை ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஏன் சான்றாகவே எடுபடவில்லை? இன்னொன்றும் தோன்றுகிறது. நம் மலைத் தோட்டங்களில் கவாத்து பண்ணி இடுப்பளவில் நிறுத்திய செடியைத்தான் தேயிலைன்னு பார்த்துப் பழகியிருக்கிறோம். சும்மா விட்டால் அசாம் வகை மரமாகிவிடும். சீனத்துச் சின்ன இலைப் புதரையே தேயிலை என்று மனதில் வைத்திருந்தவர்களுக்கு, காட்டில் நிற்கும் பெரிய இலை மரம் அந்நியமாகத்தான் பட்டிருக்கும்.

ஜென்கின்ஸும் சார்ல்டனும் அனுப்பிய காய்கள் வந்த பிறகு, 1834 டிசம்பர் 24-இல் தேயிலைக் குழு ஒத்துக்கொண்டது: இது தேயிலைதான், மேல் அசாமின் சொந்தச் செடி. அதற்குள் குழுவின் செயலாளர் கார்டன் விதை வாங்க சீனாவுக்குப் போயாச்சு. அந்த விதையில் முளைத்த நாற்றுகள் கல்கத்தாவிலிருந்து இமயமலை அடிவாரத்துக்கும் அசாமுக்கும் மதராஸ் மாகாணத்துக்கும் போயின. அசாமில் சொந்தச் செடி நிற்கிற மண்ணிலேயே சீன நாற்றை நட்டார்கள். இரண்டும் கலந்து கலப்பினமும் வந்தது. பின்னாளில் அந்தத் தோட்டக்காரர்கள் உள்ளூர் வகைக்கே திரும்பினார்கள்.

1844-இல் மாஸ்டர்ஸ் அதற்குத் 'தியா அசாமிகா' என்று தனிப்பெயர் வைத்தார். அது தனி இனமாக நிற்கவில்லை. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் இப்போது எழுதுவது கமேலியா சைனென்சிஸ், வகை அசாமிகா. சைனென்சிஸ் என்றால் சீனத்தைச் சேர்ந்தது. கமேலியா என்பது காமெல் என்ற துறவியின் பெயர். பிலிப்பைன்ஸில் செடி சேகரித்தவர், தேயிலைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. சிங்போக்காரர்கள் தங்கள் தேநீரை 'பாலாப்' என்கிறார்கள்.