'வைனஸ்' என்னும் அடைமொழியும் நம் திருமறையின் திராட்சரசமும்

ஆங்கிலத்தில் 'வைனஸ்' என்றோர் அடைமொழி உண்டு. அன்றாடப் பேச்சில் அரிதாகவே வழங்கும் இச்சொல்லுக்கு அகராதிகள் மூன்று பொருள்கள் தருகின்றன. திராட்சை மதுவின் தன்மையுடையது என்பது முதற்பொருள். அம்மதுவில் நாட்டம் மிக்கவன், அல்லது அதனால் மயங்கியவன் என்பது இரண்டாம் பொருள். அம்மதுவின் செந்நிறம் கொண்டது என்பது மூன்றாம் பொருள். இறையியல் இதழொன்றில் இச்சொல்லுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் தமிழ்த் திருமறை திராட்சை மதுவைக் குறிக்கும் மூலச் சொற்களை எவ்வாறு பெயர்த்துள்ளது என்பதை ஆராய்வதற்கு இவ்வடைமொழி நல்லதோர் உரைகல்லாகும் என்பதே நம் விடை.

முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம். இலத்தீனில் 'வினும்' என்பது திராட்சை மது. அதனுடன் 'ஓசுஸ்' என்னும் விகுதி சேர்ந்து 'வினோசுஸ்' ஆயிற்று. மிகுதியை உணர்த்துவது அவ்விகுதியின் இயல்பு. ஆகவே 'வினோசுஸ்' என்பது மது நிறைந்தது என்றும், மதுவில் மிகுந்த பற்றுடையவன் என்றும் இருவகையாகப் பொருள்பட்டது. மதுவைப் புகழ்ந்து பாடியதனாலேயே ஹோமர் மதுப்பிரியர் என்று தெரிகிறது எனச் சொல்ல வந்த ஹொராஸ் என்னும் உரோமக் கவிஞர், அவரை இந்த அடைமொழியாலேயே குறித்தார். ஆக, பருகும் பொருளும் பருகும் மனிதனும் ஒரே சொல்லுக்குள் அடங்கினர். ஆங்கிலமும் அந்நிலையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்து வேதியியலார் இச்சொல்லின் எல்லையை மேலும் விரித்தனர். இனிப்புள்ள சாறு எதுவாயினும் அது புளித்துப் போதைதரும் பானமாக மாறும் செயலை அவர்கள் 'வைனஸ் நொதிப்பு' என்றனர். அது காடியாக மாறுவதை வேறொரு நொதிப்பாகப் பிரித்தனர். இவ்வரையறையின்படி நம் பனங்கள்ளும் 'வைனஸ்' நொதிப்பின் விளைவேயாகும்.

இங்கேதான் தமிழனின் சொல்லறிவு குறுக்கிடுகிறது. பனையேறும் தொழிலாளர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கிடைப்பது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. ஆயினும் புளியாததற்கு ஒரு பெயர், புளித்ததற்கு வேறொரு பெயர். இவ்வேறுபாட்டைச் சிறுபிள்ளையும் அறியும். இத்தகைய மக்களின் செவியில் 'திராட்சரசம்' என்னும் சொல் விழும்போது அது எந்தப் பக்கம் நிற்கும்? கரும்பின் சாறு, எலுமிச்சையின் சாறு என்பனபோல அது பழத்தின் புதுச்சாறாகவே கொள்ளப்படும். பதநீரின் பக்கமே அதற்கு இடம் கிடைக்கும்.

திருத்தணிகையைச் சூழ்ந்த சிற்றூர்களில் அருட்பணியாற்றும் ஆயருக்கு இச்சிக்கல் நன்கு விளங்கும். நக்கீரரின் திருமுருகாற்றுப்படை கூறும் குன்றுதோறாடல் என்னும் பகுதிக்குத் தணிகையையே சிறப்பிடமாகக் கொள்வது மரபு. அப்பகுதியில் மலைவாழ் கானவர், மூங்கிலில் நெடுநாள் விளைந்த தேன்கள்ளின் தேறலைத் தம் சுற்றத்தோடு உண்டு மகிழ்ந்து, தொண்டகப்பறையின் தாளத்திற்குக் குரவை ஆடுகின்றனர். தேறல் என்பது தெளிந்த கள். அதைச் சொல்லப் புலவர் நாணவில்லை. போற்றவோ பழிக்கவோ அச்சொல்லை அவர் வளைக்கவுமில்லை. புளித்து முதிர்ந்த பானத்தைக் குறிக்கப் பழந்தமிழில் சொல் இல்லாமற் போகவில்லை என்பதற்கு இம்மலையின் இலக்கியமே சான்று.

மேலும், இவ்வூர் இருமொழி எல்லையில் உள்ளது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டம், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் இப்பகுதியில் தமிழ்த் திருமறையும் தெலுங்குத் திருமறையும் அருகருகே வாசிக்கப்படுகின்றன. தெலுங்கு வேதத்தில் கானாவூர்க் கலியாணத்தில் வருவது 'திராக்ஷாரசமு'. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் விலக்கப்படுவது 'மத்யமு'. எல்லைக்கோடு மாறினாலும் இரு மொழியினரும் ஒரே பிரிவினையைச் செய்துள்ளனர்.

நம் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்வோம். 1871இல் வெளிவந்த, பவர் ஐயர் பெயரால் அறியப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியில் வந்ததே நம் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'ஓய்னோஸ்' என்பது ஒரே சொல். யோவான் இரண்டாம் அதிகாரத்தில் அது 'திராட்சரசம்' ஆகிறது. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்ததும், தீமோத்தேயு வயிற்றின்பொருட்டுக் கொள்ளவேண்டியதும் திராட்சரசமே. ஆயின் எபேசியர் 5:18இல் அதே சொல் 'மதுபானம்' ஆகிறது. முதிர்வயதுள்ள ஸ்திரீகள் அடிமைப்படலாகாது எனத் தீத்து 2:3 கூறுவதும் மதுபானத்திற்கே. பழைய ஏற்பாட்டில் 'யாயின்' என்னும் எபிரெயச் சொல்லின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சங்கீதம் 104இல் இருதயத்தை மகிழ்விக்கையில் அது திராட்சரசம். நீதிமொழிகள் 23:31இல் செந்நிறம் காட்டி மயக்குகையில் அது மதுபானம்.

நன்மை விளையுமிடத்தில் ரசம், தீமை விளையுமிடத்தில் மது என்பதே பொதுப்போக்கு. ஆயினும் இது முற்றிலும் நிலைக்கவில்லை. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா குடித்து வெறிகொண்டது திராட்சரசத்தினாலேயே. நீதிமொழிகள் 20:1இல் பரியாசம் செய்வதும் திராட்சரசமே. புதுச்சாறு குடித்தவன் வெறிகொள்வது எங்ஙனம் என்று மறைக்கல்வி மாணவன் வினவினால், ஆசிரியர் விழிக்க நேரிடுகிறது.

மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவது எளிது. அது நம் நோக்கமன்று. திராட்சைத் தோட்டங்களும் ஆலைகளும் மக்கள் வாழ்வின் பகுதியாக இல்லாத நாட்டில், கள், சாராயம் என்னும் சொற்களை ஆண்டவரின் முதல் அற்புதத்தின்மேல் ஏற்ற எவர் துணிவர்? அச்சொற்களோடு அடிதடியும் அடகுக்கடையும் பட்டினியும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆயினும் அப்பிரிவினையால் நாம் இழந்தவை இரண்டு என்பதைச் சுட்டாதிருக்க இயலாது.

முதலாவது, ஆண்டவர்மீது சுமத்தப்பட்ட பழியைப் பற்றியது. மத்தேயு 11:19இல் பகைவர் அவரை 'ஓய்னோபோத்தேஸ்' என்றனர். 'ஓய்னோஸ்' பருகுவோன் என்பது பொருள். நம் மொழிபெயர்ப்பு 'மதுபானப்பிரியன்' என்கிறது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'குடிகாரன்' என்கிறது. கானாவூரில் அவர் அளித்த பானமும், அவரைப் பழிக்கப் பயன்பட்ட பானமும் ஒன்றே என்பது தமிழ் வாசகனுக்குத் தெரிவதில்லை. 'வைனஸ்' என்னும் அடைமொழி பானத்தைத் தொட்டுப் பருகுவோனுக்குத் தாவுவதுபோல, பந்தியில் இருந்த பாத்திரத்தைக் கொண்டே அவர்கள் அவரை அளந்தனர். அவர் யாரோடு பந்தியிருந்தார் என்பதே அவர்களுக்கு உறுத்தியது. நம் இரட்டைச் சொல் அவ்வுறுத்தலின் கூர்மையை மழுக்கிவிடுகிறது.

இரண்டாவது இழப்பு இதனினும் பெரிது. ரோமர் 14:21இல் சகோதரன் இடறாதபடிக்கு மாம்சத்தையும் 'ஓய்னோஸ்' என்பதையும் விட்டுவிடுவது நலம் என்று பவுல் போதிக்கிறார். அங்கே அவர் தீயதொன்றை விடச் சொல்லவில்லை. அவ்வதிகாரம் முழுவதும், தன்னளவில் தீட்டானது எதுவுமில்லை என்னும் அடித்தளத்தின்மேல் நிற்கிறது. நல்லதொன்றை, ஆண்டவர் கலியாணப் பந்தியில் தம் கையால் அளித்ததை, பலவீனனான சகோதரனுக்காக ஒருவன் மனமுவந்து துறக்கிறான். அதுவே தியாகம். நம் மொழிபெயர்ப்பில் அங்கே 'மதுபானம்' என்று வாசிக்கிறோம். தீயதை விடுவது எவர்க்கும் கடமை. அதில் தியாகம் ஏது? அன்பின் துறவு, ஒழுக்க விதியாகச் சுருங்கிவிடுகிறது. மதுவிலக்கிற்குத் துணைசெய்வதாகத் தோன்றும் இச்சொற்பிரிவு, மதுவிலக்கிற்குத் திருமறை தரும் ஆழ்ந்த காரணத்தையே மறைத்துவிடுகிறது என்பது நம் துணிபு.

திருவிருந்தின் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். அதை நியமித்த பகுதிகளில் 'ஓய்னோஸ்' என்னும் சொல் வருவதில்லை. பாத்திரம் என்றும், திராட்சச் செடியின் கனி என்றுமே சொல்லப்படுகிறது. ஆயினும் கொரிந்து சபையில் சிலர் ஆண்டவரின் பந்தியிலேயே வெறிகொண்டனர் என்பதால், அப்பாத்திரத்தில் இருந்தது யாதென்பதில் ஐயமில்லை. பவுல் அங்கே பானத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். பசித்தவன் ஒருபுறமும் வெறித்தவன் மறுபுறமும் இருந்த பந்தியையே அவர் கடிந்தார். அதே வேளையில், உலர்திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த சாற்றை நம் சபைகள் பல பயன்படுத்துவதில் குற்றம் காண்பார் எவருமிலர். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்து அன்பர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமற் காத்ததும் திருவிருந்திற்காகவே. குடியினின்று மீண்ட ஒருவன் அஞ்சாமல் பாத்திரத்தைத் தொட அது வழிசெய்கிறது. ஆனால் அதை நாம் செய்வது அன்பினால் என்று சொல்லவேண்டும். கானாவூரிலும் அதுவே இருந்தது என்று சாதித்தல் கூடாது.

இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கத்தக்கன அல்ல. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, பின்னர் மறைந்த வரலாற்றை வாசகர் அறிவர். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது அரசு நிறுவனமே. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வீட்டில் துக்கம் விசாரிக்கச் செல்லும் ஆயர், அடுத்த ஞாயிறு கானாவூர்ப் பகுதியின்மேல் அருளுரை ஆற்ற நேரிடலாம். அப்போது 'ரசம்' என்னும் சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொள்வது எளிது. ஆனால் கைம்பெண்ணாகி முன்வரிசையில் அமர்ந்திருப்பவளுக்கு அகராதி ஆறுதல் தராது. நல்லதையும் பிறர்பொருட்டுத் துறக்கும் ஒரு சபை தன்னைச் சூழ்ந்திருக்கிறது என்பதே அவளுக்கு ஆறுதலாகும்.

பழகிய திருமறையின் சொற்களை மாற்றவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அவை நம் மக்களின் மன்றாட்டோடு கலந்துவிட்டவை. பொது மொழிபெயர்ப்பு எபேசியர் பகுதியில் 'திராட்சை மது' என்று வழங்குகிறது. இனி வரும் திருத்தங்களில் அதனை ஏனைய இடங்களுக்கும் விரித்துப் பார்க்கலாம். அதுவரை, திராட்சரசம் என்றும் மதுபானம் என்றும் வாசிக்கப்படுவது மூலத்தில் ஒரே சொல் என்பதை ஆயரும் மாணவரும் தம் சபைக்கு விளக்குவது கடனாகும். பொருளைக் குற்றவாளியாக்கினால் மனிதன் தப்பிவிடுவான். சொல் ஒன்றாக இருக்கும்போது, அதைக் கையில் ஏந்துவோன் என்ன செய்கிறான் என்னும் கேள்வி தப்பாமல் எழும். அக்கேள்வியையே நம் பிரசங்க பீடங்கள் கேட்கவேண்டும்.