அரக்கோணம் கேட்ட குரல்கள்

அரக்கோணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், பழைய சினிமாவுக்கு அடுத்தபடி வானொலிப் பேச்சு வந்துவிடும். ஒருவர் கே.எஸ். ராஜாவின் வேகத்தில் மூச்சு விடாமல் பேசிக் காட்டுவார். இன்னொருவர் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் நிதானத்தில் ஒரு குட்டிக்கதை சொல்வார். சரோஜ் நாராயணசுவாமியின் பெயரை, செய்திக்கு முன் அவரே சொல்லும் அழுத்தத்தோடு சொல்லிப் பார்க்காதவர் குறைவு. கடைசியில் "இப்ப யாருங்க அப்படிப் பேசறாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். இந்தப் பாசம் உண்மையானது. அதற்கு அவர்கள் தகுதியானவர்களும்கூட. ஆனால் நாம் அவர்களை நினைவில் வைத்திருக்கும் முறை அவர்கள் உழைப்புக்கும் பொருந்தவில்லை, நம் ஊருக்கும் பயன்படவில்லை என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நம்ம ரேடியோக்காரங்க" என்று நாம் உரிமையோடு சொல்கிறவர்களில் ஒருவர்கூட இங்கே உட்கார்ந்து பேசியவர் இல்லை. ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசியது கொழும்பிலிருந்து. சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து. தென்கச்சியாரும் 'வானொலி அண்ணா' கூத்தபிரானும் சென்னையிலிருந்து. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோதே எங்களூர் வழியாகத்தான் ஓடியது. அன்றிலிருந்து எல்லா ஊரின் சத்தமும் எங்களைக் கடந்து போகிறது. குரலும் அப்படியே வந்தது.

கொழும்பு ஏன் இவ்வளவு நெருங்கியது என்பதற்குக் காரணம் டெல்லியில் இருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பி ஆகாசவாணியில் அதைச் சுருக்கினார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகக் கொழும்பில் பிரிட்டிஷார் நிறுவிய வலுவான ஒலிபரப்பு வசதி அப்போது இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இந்தியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அதே ஆண்டில் அங்கிருந்துதான் கிளம்பியது. தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனம் வந்தார், அவர் பின்னால் ஒரு தலைமுறையே வந்தது. விவித்பாரதியை 1957இல் தொடங்கி ஆகாசவாணி தன் முடிவைத் திருத்திக்கொள்வதற்குள், தமிழ்நாட்டு ரேடியோவின் முள் கொழும்பில் நின்றுவிட்டது. விளம்பர வருமானத்துக்காக ஒரு நாடு அடுத்த நாட்டு நேயர்களைத் தேடி வந்த கதை இது. அன்பு பிறகு வளர்ந்தது.

வளர்ந்ததற்குக் காரணம் அந்த அறிவிப்பாளர்களின் வேலைத்திறம். ராஜாவின் 'திரை விருந்து' ஒரு திரைப்பட விளம்பர நிகழ்ச்சி, அவ்வளவுதான். படத்தின் வசனத்தையும் பாட்டையும் துண்டுதுண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, தான் ஒரு கேள்வி கேட்பார். படத்தின் பாத்திரம் தன் வசனத்தால் பதில் சொல்லும். அடுத்த கேள்விக்குப் பாட்டின் ஒரு வரி பதிலாக வரும். கதை முடிச்சு அவிழப் போகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். கணினி இல்லாத காலத்தில் நாடாவைத் தேடி நிறுத்திச் செய்த வேலை இது. ஒரு நொடி பிசகினால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓட்டை விழும். அந்த ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டதில்தான் ராஜா இருக்கிறார். நாம் நினைவில் வைத்திருப்பதோ அவருடைய வேகத்தை மட்டும்.

ஹமீதிடம் இருந்தது வேறு பலம். ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் மூன்றாகவே இருந்தன. குறில் நெடிலாகாது, சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படாது. 'பாட்டுக்குப் பாட்டு' பின்னால் தொலைக்காட்சிக்கு வந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவர் முன் உச்சரிப்புக்குப் பயந்துகொண்டு நின்றார்கள். அதே இலங்கை வானொலியின் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் இருந்த கனிவும் நடிப்புப் பயிற்சியால் பழுத்தது. குருவராஜப்பேட்டைப் பக்கம் நெசவு வீடுகளில் இந்த உச்சரிப்பின் அருமை நன்றாகத் தெரியும். குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். தறியின் சத்தத்துக்கு நடுவே தெளிவாக விழுகிற பேச்சுதான் அங்கே நிற்கும், மற்றது சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும்.

இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் பெயர் வாசிக்கும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு முன் ஊர் ஊராக, வீடு வீடாகப் பெயர்கள் வரும். பிறந்தநாள் வாழ்த்து என்றால் அப்பா, அம்மா, அம்மம்மா, சித்தி, மாமா என்று உறவு முழுவதும் வரிசையில் நிற்கும். 'அம்மம்மா' என்ற சொல்லை எங்கள் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் கேட்டுத்தான் பழகினார்கள். நெமிலி, சோளிங்கர், மின்னல் போன்ற எங்கள் சுற்றுவட்டார ஊர் ஒன்று தன் பெயரைக் கடல் தாண்டிய ஒரு குரல் சொல்லக் கேட்பது சின்ன விஷயமில்லை. பத்திரிகையில் பெயர் வர ஏதாவது சாதித்திருக்க வேண்டும். இங்கே ஒரு அஞ்சலட்டை போதும். பெரிய ஊர், சின்ன ஊர் வித்தியாசமில்லாமல் ஒரே மரியாதையோடு வாசித்தார்கள். தமிழ் ஒலிபரப்பு செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

அதன் குறையும் அங்கேயே இருந்தது. எழுதத் தெரிந்தவரும் எழுத நேரமிருந்தவரும்தான் பட்டியலில் ஏறினார்கள். நேயர் மன்றம் வைத்துக் கட்டுக்கட்டாக அட்டை போட்டவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தறிக்காரரும் ரயில்வே கேங்மேனும் கேட்டார்கள், எழுதவில்லை. அதைவிட முக்கியம், ஊரின் பெயர் வந்ததே தவிர ஊரின் சங்கதி வரவில்லை. 'அரக்கோணத்திலிருந்து' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு பாட்டு வரும். அரக்கோணத்தில் குடிதண்ணீர் வந்ததா, ஏரி நிரம்பியதா என்பது கொழும்புக்குத் தெரிய வழியில்லை, தெரியவேண்டியதும் இல்லை. பெயரைக் கேட்ட மகிழ்ச்சியே நமக்குப் போதுமானதாகிவிட்டது.

ஆகாசவாணியின் குரல்கள் வேறு வகை. காலை 7.15 மணிச் செய்தி எங்களூரில் ஒரு கடிகாரமாகவே இருந்தது. சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் போகிறவர் சரோஜ் நாராயணசுவாமி பெயரைச் சொல்லும்போது சட்டை பித்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். தன் உணர்ச்சியைச் செய்திக்குள் கலக்காத ஒழுங்கு அவரிடம் இருந்தது. தென்கச்சியார் அதே நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே வேறொன்றைச் செய்தார். வேளாண்மை படித்து, திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி நடத்தியவர். வரப்பில் நின்று பேசுகிறவரின் தொனியை 'இன்று ஒரு தகவல்' வழியாகக் காலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கேட்பவர் சிரிப்பார், அவர் சிரிக்க மாட்டார். எழுத்துத் தமிழே வானொலித் தமிழ் என்றிருந்த இடத்தில் அது பெரிய திறப்பு. ஆனாலும் சொல்ல வேண்டும்: எவ்வளவு கனமான விஷயமானாலும் கடைசியில் ஒரு துணுக்கில் இறங்கி இலேசாகிவிடும் அமைப்பு அது. கேட்டவருக்கு மனம் லேசானது. கோபப்பட வேண்டிய இடத்திலும் லேசானது.

இனி நம் நினைவின் குறை. குரலை வைத்துக்கொண்டு குரலுக்குரியவரை விட்டுவிடுகிறோம் என்பது அதில் பெரியது. டீக்கடையில் ராஜாவைப் போலப் பேசிக் காட்டுகிறவரிடம், அவர் என்ன ஆனார் என்று கேட்டுப் பாருங்கள். காரைநகரில் பிறந்த அந்த மனிதர் 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த அதே நகரத்திலிருந்துதான் நமக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. இலங்கை வானொலி அரசின் நிறுவனம்; அதற்குள் இருந்த தமிழ் அறிவிப்பாளர்கள் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை நாம் யோசித்ததில்லை. 'மதுரக் குரல்' என்று கொண்டாடிய நமக்கு, அந்தக் குரல் பேசாமல் விட்டதைக் கேட்கும் பொறுப்பும் இருந்தது. அதைத் தவறவிட்ட பாசத்தை முழுமையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு குறை, பழையவர்களைக் கொண்டாடும் சாக்கில் புதியவர்களைத் திட்டுவது. சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி போன்றவை சென்னைக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. ஆர்.ஜே.க்கள் தமிழைக் கொலை செய்கிறார்கள் என்பது வழக்கமான புகார். அதில் பாதி உண்மை. முன்தயாரிப்பே இல்லாத அரட்டை, ஆளறியாமல் போனில் அழைத்து ஏமாற்றிச் சிரிப்பது, இவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்.ஜே. பாலாஜியின் 'கிராஸ் டாக்' எவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தாலும், மறுமுனையில் இருந்தவர் பாவம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம். பாட்டுப் பட்டியலும் அறிவிப்பாளர் கையில் பெரும்பாலும் இல்லை. செய்தியும் இல்லை, பாட்டைத் தேர்வதும் இல்லை என்றால் மிஞ்சுவது அரட்டைதான். அமைப்பின் குற்றத்தை ஆளின் தலையில் கட்டுகிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே பாலாஜி நிவாரண வேலையில் முன்னே நின்றதையும் பார்த்தோம். சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்த அந்த நாள்களில் பயணிகள் விமானங்கள் எங்களூர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறந்தன. பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படையணியும் இங்கேதான் இருக்கிறது. செய்தியில் அரக்கோணத்தின் பெயர் அடிக்கடி அடிபட்ட நாள்கள் அவை. அப்போதும் சென்னைக்கு என்ன உதவி போகிறது என்ற கணக்கில்தான் வந்தது. இங்கே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

பேச்சுமொழியிலும் இதே கதை. எஃப்.எம். வந்தபின் சென்னைத் தமிழும் மதுரைத் தமிழும் காற்றில் ஏறின, நல்லதுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு ஏறவில்லை. பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தை ஒட்டித்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இலங்கை வானொலி என்றால் மீனாட்சி பொன்னுதுரை, தெலுங்குப் பாட்டு வழங்கிய தமிழ்ப் பெண்மணி. டீக்கடைப் பட்டியலில் அவர் பெயர் வருவதே இல்லை. இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசுகிற ஒரு அறிவிப்பாளர் இந்த எல்லையில் எவ்வளவு இயல்பாக இருந்திருப்பார் என்பதை அந்தக் கொழும்புக்காரர்தான் ஓரளவு காட்டினார்.

இப்படி ஊருக்கென்று ஒரு குரலாகச் சமுதாய வானொலி தொடங்க வழி இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது, 2006இலிருந்து இலாப நோக்கற்ற அமைப்புகளும் உரிமம் கேட்கலாம். 100 வாட் அளவுக்குள் உள்ள ஒலிபரப்பி, சுற்றிலும் பத்துக் கிலோமீட்டர் எட்டினால் பெரிது. அதற்கும் சொந்தச் செய்தி கூடாது. ஆனால் போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகள் செய்தியாகக் கணக்கில்லை, தாராளமாகச் சொல்லலாம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் பாதையில் பஸ் எங்கே திருப்பி விடுகிறார்கள், காலை மின்சார ரயில் எவ்வளவு தாமதம், காவேரிப்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர், நாளைக்கு எந்த ஃபீடரில் மின்தடை என்று ராஜாவின் முன்தயாரிப்போடும் ஹமீதின் உச்சரிப்போடும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல ஒருவர் வேண்டும். பணிமனையிலும் டயர் ஆலையிலும் ஷிப்டு முடித்து வருகிறவர்களின் பெயரையும் அவர் வாசிக்கலாம், அஞ்சலட்டை எழுதாதவர்களையும் சேர்த்து. இந்த ஊரில் கல்லூரி இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன, நல்ல குரல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். உரிமத்துக்கான விண்ணப்பத்தை முதலில் எழுத உட்காரப் போவது யார் என்றுதான் நான் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.