வார்னிங் போனால் போதுமா?

2021 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலில் எல்லா கம்பைலர் வார்னிங்கையும் பில்டை நிறுத்தும் பிழையாக்கினார். எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களில் அது சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. ‘ஜீரோ வார்னிங்’ மோகம் மட்டும் சுருங்கவில்லை.

பலன் உண்டு, மறுக்கவில்லை. ஸ்விட்சில் விட்டுப்போன பிரேக்கைத் தேடிய வேலையில் நிஜமான பிழைகளே சிக்கின. 64 பிட் பாயின்டரை 32 பிட் எண்ணுக்குள் திணிப்பதைக் காட்டிக்கொடுப்பதும் வார்னிங்தான்.

ஆனால் டிரைவர் கோடின் பாதி அர்த்தம் சிப்பில் இருக்கிறது. கம்பைலர் டேட்டாஷீட் படிப்பதில்லை. வார்னிங்கைத் திருத்தக் கிளம்புகிறவர்களில் பலரும் படிப்பதில்லை. ஒரு ரிஜிஸ்டரைப் படித்து, மதிப்பை ஒரு வேரியபிளில் போட்டு, அப்புறம் அதைத் தொடாத வரி பழைய டிரைவர்களில் சாதாரணம். ஜிசிசி 4.6 வந்ததிலிருந்து இதற்கு வார்னிங் வருகிறது. வேரியபிளை மட்டும் எடுத்துவிட்டு, படிக்கும் அழைப்பை விட்டுவைக்க வேண்டும். அவசரக்காரர் வரியையே தூக்கிவிடுகிறார். வார்னிங் போய்விட்டது, பேட்ச் தயார். அந்த வரி எழுதப்பட்டதே படிப்பதற்காகத்தான்! சில சிப்களில் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் படித்தால்தான் கிளியர் ஆகும். பிசிஐ பஸ்ஸில் எழுதியது வழியில் தேங்கலாம். திரும்பப் படித்தால்தான் சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்தது உறுதி. இந்தத் தவறு கம்பைலில் தெரியாது, எல்லா மெஷினிலும் தெரியாது. என்றோ ஒருநாள், லோடு ஏறும்போது, கார்டு தொங்கும்.

‘மதிப்புத் தரப்படாமல் இருக்கலாம்’ என்ற வார்னிங்குக்கு ஃபங்ஷன் தலையில் ‘= 0’ போடுவது இதைவிட மோசம். கெர்னலில் பிழை எண் திருப்பும் ஃபங்ஷனுக்கு 0 என்றால் வெற்றி. ஏதோ ஒரு பிழைப் பாதையில் எண்ணை வைக்க மறந்திருந்தால், வராத சாதனம் வந்துவிட்டதாக டிரைவர் இனிமேல் அறிவிக்கும். அந்த மறதியைச் சொல்லவந்த வார்னிங்கின் வாயையும் அடைத்தாயிற்று. வேரியபிளை அதற்கே அசைன் செய்து கம்பைலரை ஏமாற்றும் மேக்ரோ ஒன்றைக் கெர்னலே பல வருடம் வைத்திருந்து, 2020இல்தான் நீக்கியது.

வார்னிங் திருத்துவது புதியவர்கள் பழக நல்ல வேலை என்கிறார்கள். பழகட்டும், தங்கள் கையில் இருக்கும் போர்டின் டிரைவரில். கம்பைல் மட்டுமே செய்து பார்த்திருந்தால் பேட்சில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். போர்டு வைத்திருக்கும் ஒருவர் ஓட்டிப் பார்க்கும்வரை மெயின்டெய்னர் அதை எடுக்க வேண்டாம். அதுவரை வார்னிங் இருந்துவிட்டுப் போகட்டும்.