மந்திரித்த கயிறு

மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முன்னால் இடுப்பில் குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களே அதில் பாதிக்கு மேல். தொழுதுவிட்டு வருகிற பெரியவர்கள் நின்று, உதட்டுக்குள் ஓதி, குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். "பயந்திருக்கான்" என்று சொன்னால் போதும். காசும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி வேப்பிலை அடித்து, திருநீறு போட்டுக் கயிறு கட்டுவதும் இதே காரியம்தான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆம்பளப் பையன், இதுக்குப் போய் அழுவியா?" என்று பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மந்திரிக்கத் தூக்கிப் போகிறவர்கள் அந்தத் தவற்றைச் செய்வதில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கனிவோடு தலையைத் தொடுகிறார். அன்றிரவு பிள்ளை அசந்து தூங்குவதில் வியப்பில்லை.

மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. சென்ற ஆண்டு அக்கா மகனை ஒரு தெருநாய் குரைத்துத் துரத்தியது. அவனுக்கு அப்போது நான்கு வயது. ஆயா கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார். கொஞ்ச நாள் தைரியமாகத்தான் திரிந்தான். ஒருநாள் குளிக்கும்போது கயிறு நைந்து அறுந்தது. அன்று முழுக்க அவன் வாசற்படி தாண்டவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாயைப் பற்றி அவன் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. கயிறு இருந்தால் நாய் கிட்டே வராது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் "பயந்த காய்ச்சல்" என்று மூன்று நாள் மந்திரித்துக்கொண்டு, மருத்துவரிடம் தாமதமாகப் போவது இன்னும் பெரிய ஆபத்து.

சரி, பேசிப் புரியவைக்கலாமா? பேய்க்கதைகளை நம்பாதே என்று 'அரசிளங்குமரி' (1961) படப் பாட்டில் பட்டுக்கோட்டையார் சின்னப் பயலுக்குச் சொன்னது நல்ல சேதி. ஆனால் பயந்து நிற்கும் மூன்று வயதுக்குச் சொல் மட்டும் போதாது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-லேயே இதைக் கவனித்து எழுதினார். பேசிப் பார்ப்பதும் கேலி செய்வதும் பெரிதாக உதவவில்லை. உதவியது வேறு. வெள்ளை முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, அவன் சாப்பாடு கெடாத தூரத்தில் முயல்கூண்டை வைத்தார். நாளாக நாளாக அது கொஞ்சம் கொஞ்சமாக அருகே வந்தது. பயப்படாத பிள்ளைகளையும் கூடவே விளையாடவிட்டார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் அனுமதித்தான்.

அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார்: கவனம் தவறினால் பயம் போவதற்குப் பதிலாக, சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிடலாம். இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. "சாப்பிடலைன்னா பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிடுவான்" என்று நாம் மூன்று வேளையும் செய்வது அந்தத் தவறைத்தானே! காலையில் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுகிறோம். பிள்ளை இருட்டைக் கண்டு அழுதால் சாயங்காலம் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கயிற்றை விட முதலில் கைவிட வேண்டியது இந்தப் பூச்சாண்டியை.

ஜோன்ஸின் வழிக்குப் பொறுமை வேண்டும், ஆள் வேண்டும். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்குக் கயிறுதான் கைக்கெட்டியது. அவளைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

ஆயா புதுக் கயிறு கட்டினார். நாங்கள் தடுக்கவில்லை. அதோடு, தினமும் சாயங்காலம் திண்ணையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் கொடுத்தோம். எதிர்வீட்டுப் பெண் தன் நாய்க்குட்டியைத் தெருவின் அந்தப் பக்கம் கட்டிப்போட்டு, அதோடு விளையாடுவாள். முதல் வாரம் அவன் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தான். ஒரு மாதம் கழித்துக் குட்டிக்குப் பாதி பிட்டுப் போட்டான். பெரிய நாய் குரைத்தால் இன்னும் என் காலைத்தான் கட்டிக்கொள்கிறான்.