இசையில் வழிநூல்: போற்றிசைக் குழுக்கள் பற்றிய ஓர் ஆய்வு

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தனர் பவணந்தியார் முதலிய இலக்கண நூலார். முதனூலின் பொருளைப் பெரும்பான்மையுந் தழுவிச் சில விகற்பங்களையுங் கூறுவது வழிநூல் என்பது அவர் கொள்கை. இப்பகுப்பிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வழிநூல் செய்தவனை அவர்கள் களவு செய்தவனாகக் கருதினாரல்லர். முன்னோன் செய்ததை எடுத்தாளுதல் குற்றமன்று. எவ்வாறு எடுத்தாள்கின்றான், அதனாற் புதிதாக எய்தியது யாது என்பனவே அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவ்வினாக்களை இசையுலகிலே எழுப்புதற்கு மேனாட்டிலே கடந்த அரை நூற்றாண்டாகத் தக்கதொரு பொருள் வாய்த்திருக்கின்றது.

ஆங்கிலத்தில் 'திரிபியூட் பாண்ட்' என வழங்கும் இசைக்குழுவை ஈண்டுப் போற்றிசைக் குழு எனக் குறித்தல் பொருந்தும். கலியாண வீட்டிலும் விடுதியிலும் பலருடைய பாட்டுக்களைக் கலந்து வாசிக்குங் குழுக்கள் வேறு, இவை வேறு. போற்றிசைக் குழு புகழ்பெற்ற ஒரு குழுவை மாத்திரம் தெரிந்துகொண்டு, அதன் பாட்டுக்களை அதன் ஒலியமைதி பிறழாது, பலவேளைகளில் அதன் உடையும் நடையுங்கூடப் பிறழாது, அரங்கிலே நிகழ்த்துவது. 'பூட்லெக் பீற்றில்ஸ்' என்னுங் குழு 1980இல் இங்கிலாந்திலே தோன்றியது. 'அபா' என்ற சுவீடன் நாட்டுக் குழுவைப் பின்பற்றி 'பியோர்ன் அகெயின்' என்பது 1988இல் மெல்பேண் நகரிலே தோன்றியது. அதே ஆண்டில் அடிலெயிட் நகரத்தார் சிலர் 'பிங்க் புளொயிட்' குழுவின் இசையை மேற்கொண்டனர். அவுஸ்திரேலியா இத்துறையிலே முந்திக்கொண்டமை வியப்பன்று. முதற் குழுக்கள் கடல்கடந்து அங்கே செல்வது அரிதாயிருந்தது. வராத விருந்துக்கு ஏங்கியவர்கள் தாமே உலை வைத்துக்கொண்டார்கள்.

இக்குழுக்களைப் பற்றிக் கற்றோர் பலர் கொண்டுள்ள எண்ணம் ஏளனமே. மயிலைக் கண்டு தானும் ஆட முற்பட்ட வான்கோழியின் நினைவே அவர்களுக்கு எழுகின்றது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். பீதோவனுடைய ஐந்தாஞ் சிம்பனி 1808ஆம் ஆண்டில் வியன்னாவில் முதன்முதல் அரங்கேறியது. அன்றுதொட்டு அதனை வாசித்த குழுக்கள் எண்ணில. அவற்றுள் எதனையும் எவரேனும் போலி என்று இகழ்ந்ததுண்டோ? தியாகராச சுவாமிகளின் கீர்த்தனையைத் தம் குருவின் பாடாந்தரம் வழுவாமற் பாடும் வித்துவானை நாம் பாராட்டுகின்றோமேயன்றி, பிறர் பாட்டைப் பாடினார் என்று பழிக்கின்றோமில்லை. பீற்றில்ஸ் குழுவின் பாட்டை நுணுக்கம் வழுவாது வாசிப்பவனுக்கு மாத்திரம் வேறொரு நீதி ஏன்?

விடை அவ்விசையின் இயல்பிலே உள்ளது. பீதோவன் விட்டுச்சென்றது சுரக்குறிப்பு. அது வாசிப்பாரை எதிர்நோக்கி நிற்பது. கீர்த்தனையும் அத்தகையதே, பாடுவார் நாவிலேதான் அது உயிர் பெறுகின்றது. றொக் இசையிலோ ஏட்டில் எழுதிய சுரம் படைப்பன்று. இசைத்தட்டிற் பதிந்த ஒலியே படைப்பு. இன்னார் குரல், இன்ன கிற்றார், இன்ன அறையின் எதிரொலி என்னும் இவையெல்லாம் பாட்டின் புறத்தனவல்ல, பாட்டேயாம். ஆதலின் அதனைப் பிறர் வாசிக்கப் புகுந்தவுடன் அது மற்றொருவர் கையெழுத்தைப் பார்த்தெழுதுவது போலத் தோன்றுகின்றது. ஏளனத்துக்குக் காரணம் இதுவே. அதனை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது.

எனினும் இக்காரணம் எவ்விடத்தில் வலியிழக்கின்றது என்பதைப் பீற்றில்ஸ் குழுவின் வரலாறே காட்டும். அவர்கள் 1960 முதல் ஹம்பேர்க் நகர விடுதிகளிலே இரவிரவாக வாசித்தவற்றுட் பெரும்பாலன அமெரிக்கர் பாட்டுக்கள். 1963இல் வெளியான அவர்களுடைய முதல் நெடுந்தட்டிலுள்ள 14 பாட்டுக்களில் 6 பிறருடையவை. பிறர் பாட்டை ஓதியே தம் பாட்டைக் கண்டனர். அது கிடக்க. 1965 ஓகஸ்ட் 15ஆம் நாள் நியூயோர்க்கிலுள்ள ஷே விளையாட்டரங்கிலே 55,000 பேருக்கு மேற்பட்டோர் முன் அவர்கள் தோன்றினர். 12 பாட்டுக்கள்; ஏறத்தாழ அரைமணி நேரம். 100 வாற்று வலுவுள்ள ஒலிபெருக்கிகளும், பந்தாட்டத்தை அறிவிக்க அமைந்திருந்த ஒலிபரப்பியுமே கருவிகள். இளம்பெண்களின் கூச்சலில் வாசிப்பவர்க்கே தம் வாசிப்புக் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து, 1966 ஓகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாசித்ததோடு அவர்கள் கச்சேரிப் பயணத்தையே கைவிட்டனர். அன்று அங்கே இருந்தவர்கள் அவர்களைக் கண்டார்கள் எனலாம். கேட்டார்கள் எனல் அரிது. பிற்காலத்தில் ஒரு சிறுநகர மண்டபத்தில் நல்லதொரு போற்றிசைக் குழுவைக் கேட்டவன், அப்பாட்டுக்களின் குரலிணைவை ஷே அரங்கிலிருந்தவனைக் காட்டிலும் தெளிவாகக் கேட்டான் என்பது வேடிக்கையான உண்மை.

இனி, அதனினும் வலிய வாதம் ஒன்றுண்டு. அரங்கைத் துறந்த பின்னரே பீற்றில்ஸ் தம் தலைசிறந்த படைப்புக்களைச் செய்தனர். 1966 நவம்பர் முதல் 1967 ஏப்பிரில் வரை லண்டன் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடத்திலே உருவான 'சார்ஜன்ற் பெப்பர்' என்னுந் தட்டு நான்கு தடப் பதிவுக் கருவியைக் கொண்டு, ஒலியின்மேல் ஒலியாக அடுக்கிச் செய்யப்பட்டது. அதனை அவர்கள் எந்த மேடையிலும் வாசித்ததில்லை. வாசித்திருக்கவும் முடியாது. அதன் இறுதிப் பாட்டிலே 40 வாத்தியக்காரர் தத்தம் கருவியின் அடித்தள சுரத்திலிருந்து உச்சிவரை, அயலவரைப் பாராது, 24 தாளப் பகுதிகளுக்குள் ஏறுகின்றனர். அதனையும் பலமுறை பதிந்து ஒன்றன்மேலொன்றாக ஏற்றினர். அக்காலத்தே பதிவான 'ஸ்ட்ரோபரி பீல்ட்ஸ் பொறெவர்' என்னும் பாட்டோ, சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் வேறுபட்ட இரு பதிவுகளை, ஒன்றன் வேகத்தைக் கூட்டியும் மற்றதன் வேகத்தைக் குறைத்தும் இணைத்து ஒட்டியது. அதன் முகப்பிற் குழலோசை போல ஒலிப்பது குழலன்று. மெலொற்றோன் என்னும் விசைக்கருவி. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் காந்த நாடாத் துண்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ எட்டு வினாடியில் நாடா முடிந்துவிடும்.

இவற்றை அரங்கேற்ற 2014இல் ஒல்லாந்து நாட்டிலே 'அனலொக்ஸ்' என்னுங் குழு கூடியது. 1966க்குப் பிற்பட்ட பீற்றில்ஸ் படைப்புக்களையே, அக்காலத்துக் கருவிகளைத் தேடிப் பெற்று, தட்டிலுள்ளவாறே மேடையில் உயிரோடு வாசிப்பதென்பது அவர்கள் மேற்கொண்ட விரதம். அவர்கள் பொய்ம்மயிர் சூடவில்லை. லிவர்பூல் வழக்கிற் பேசவுமில்லை. மெலொற்றோனையும் ஆர்மோனியத்தையும் சிறு எக்காளத்தையும் நரம்பு வாத்தியக்காரரையும் மேடைக்குக் கொணர்ந்தனர். ஈண்டுப் போலி என்னுஞ் சொல் பொருளற்றதாகின்றது. எதனைப் பார்த்து நடிப்பது? பார்ப்பதற்கு முதல் நிகழ்ச்சி ஒன்று இருந்ததேயில்லை. பாட்டு இருந்தது, கச்சேரி இருந்ததில்லை. அதனை ஆக்கியவர்கள் இவர்கள்.

இம்முயற்சிக்கு வேண்டிய செவிப்புலமை எளிதன்று. நான்கு தடத்திலே நெருக்கி அடைத்த ஒலிகளைச் சுரக்குறிப்பின் துணையின்றிச் செவியொன்றாற் பிரித்தறிதல் வேண்டும். வேகத்தை மாற்றியதனாற் பாடகன் குரல் எந்த மனிதனுக்கும் இயல்பாக இல்லாத நிறத்தைப் பெற்றிருக்கும். அதனையும் மிடற்றாற் பெறவேண்டும். 1967இல் ஜோர்ஜ் ஹரிசன் தில்ரூபா, தபேலா, தம்புரா ஆகியவற்றை வாசிக்கும் இந்திய வாத்தியக்காரரோடு பதிந்த பாட்டை எடுப்பின், அவ்வாத்தியங்களையும் தேடவேண்டும். ஒரு செய்யுளைச் சொற்சொல்லாகப் பிரித்து ஆராய்ந்த பழைய உரையாசிரியரின் உழைப்போடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது. கேட்பவனுக்கும் ஒரு பயன் உண்டு. தட்டில் ஒரே திரளாகக் கேட்ட ஒலி, இன்னின்னார் கையிலிருந்து வருகின்றது என்று கண்ணாற் காணும்பொழுது பிரிந்து விளங்குகின்றது.

குறையும் இங்கேதான் உள்ளது. உரையாசிரியன் மூலத்தோடு மாறுபடவுங் கூடும். 'இது பொருந்தாது' எனச் சொல்லவுங் கூடும். இக்குழுவினர்க்கு அவ்வுரிமை இல்லை. தட்டிலே தற்செயலாக விழுந்த இருமலும் வேதவாக்காகின்றது. பாடியவர்கள் மறுநாள் வேறு விதமாகப் பாடியிருக்கக்கூடிய ஒன்றை, அவர்களினும் பன்மடங்கு பயபக்தியோடு காத்துக்கிடத்தல் கலையின் இயல்புக்கு மாறானது. வழிநூலுக்கு விதித்த விகற்பம் இங்கே ஊடகத்தில் உண்டு, பாட்டிலே இல்லை.

வேடம் புனையுங் குழுக்களைப் பற்றி அதிகஞ் சொல்வதற்கில்லை. போல் மக்காட்னி இடக்கையாலே கிற்றார் வாசிப்பவர் என்பதற்காக, வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் இடக்கையால் வாசிக்க ஆண்டுக்கணக்கிற் பயிலுதலும் உண்டு. அவ்விடாமுயற்சி மெச்சத்தக்கதே, அதனால் இசைக்கு விளைந்த நன்மை யாதெனின், ஒன்றுமில்லை. ஆயினும் இவற்றை நாடுவோரை இகழ்தல் அடாது. ஜோன் லெனன் 1980 டிசம்பர் 8ஆம் நாள் கொலையுண்டார். ஹரிசன் 2001இல் மறைந்தார். நால்வரையும் ஒருங்கே காணுதல் இனி எவர்க்கும் கூடாதது. கூத்தன் இராமனல்லன் என்பதை அறிந்தே இராமன் காடேகுங்காற் கண்ணீர் விடுகின்ற கூத்துப் பார்ப்போர் போலவே இவர்களும் அழுகின்றார்கள். அறியாமையால் வந்த அழுகையன்று அது.

இக்குழுக்கள் அனைத்தினும் கலைநோக்கில் உயர்ந்ததாகக் கொள்ளத்தக்கது சிக்காகோவிலே 1997இல் தோன்றிய 'டார்க் ஸ்டார் ஒக்கெஸ்ட்ரா' ஆகும். அது பின்பற்றிய 'கிரேற்புல் டெட்' என்னுங் குழு, இசைத்தட்டாலன்றிக் கச்சேரியாலே வாழ்ந்தது. முப்பது ஆண்டுகளில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள். ஒன்றுபோல் மற்றொன்று இராது. கேட்போர் ஒலிப்பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 முதல் அதற்கென மண்டபத்தில் தனியிடமும் ஒதுக்கினர். ஆதலின் எந்நாளில் எவ்வூரில் எப்பாட்டுக்கள் எம்முறையில் வாசிக்கப்பட்டன என்பது இரசிகர்க்கெல்லாம் மனப்பாடம். தலைவர் ஜெரி கார்சியா 1995 ஓகஸ்டிலே காலமானபின் அவ்வாழ்க்கை நின்றது. சிக்காகோக் குழுவினர், கடந்துபோன ஒரு குறித்த நாளின் கச்சேரியைத் தெரிந்து, அந்நாளின் பாட்டு வரிசையையும், மேடையில் வாத்தியங்கள் நின்ற அமைப்பையும் மேற்கொள்வர். அவ்வளவே கட்டுப்பாடு. பாட்டினுள்ளே எழும் விரிவுகள் அன்றன்று பிறப்பவை. மூலத்தின் ஒலிப்பதிவை அப்படியே ஒப்பிப்பதில்லை. கீர்த்தனை முன்னோனுடையது, நிரவலுங் கற்பனைச் சுரமும் பாடுவானுடையவை என்னும் நமது சங்கீத முறைக்கு இஃது எவ்வளவு அணித்து என்பது சொல்லாமலே விளங்கும். எந்நாளின் கச்சேரியை வாசித்தனர் என்பதை முடிவிலேயே அவர்கள் அவையோர்க்கு அறிவிப்பர். அதுவரை அவையோர் ஊகித்துக்கொண்டேயிருப்பர். அவையோரையும் புலமைப் போட்டியில் இறக்கிவிடும் இத்தந்திரம் இரசிக்கத்தக்கது.

புகழ்ந்தது போதும். இக்குழுக்களால் விளையுந் தீங்கும் உண்டு. தெரிந்த பாட்டுக்குக் காசு கொடுத்து வருபவன், தெரியாத பாட்டுக்கு வரத் தயங்குகின்றான். சிறு மண்டபத்து உரிமையாளனும் கணக்குத் தெரிந்தவனே. நிச்சயமாக நிரம்பும் இரவையே அவன் விரும்புவான். அந்த இரவுகளிலே புதுப்பாட்டுப் பாட வேண்டிய இளைஞன் வெளியே நிற்கின்றான். ஹம்பேர்க் விடுதியில் 1960இல் அமெரிக்கப் பாட்டுக்களைக் கொச்சையாகப் பாடிய ஐவரைத் தம் பாட்டையும் பாடவிடாது, பிறரது பாட்டை அணுவளவும் பிசகாமற் பாடும்படி எவரேனும் பணித்திருந்தால், இன்று போற்றுவதற்கே பீற்றில்ஸ் இருந்திரார்.

வாசிப்பவன் நிலையும் எண்ணத்தக்கது. இருபது ஆண்டு மற்றொருவன் குரலிற் பாடியவனுக்குத் தன் குரல் எது என்பது நினைவிருக்குமோ? 'ஜூடாஸ் பிறீஸ்ட்' குழுவைப் பின்பற்றிய அமெரிக்கக் குழுவொன்றிற் பாடிய ரிம் ஓவென்ஸ் என்பார், 1996இல் அந்த மூலக்குழுவுக்கே பாடகராயினார். 2003இல் பழைய பாடகர் மீண்டார், இவர் விலகினார். 2007இல் மணிலா நகரிலே பிறர் பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்த ஆணெல் பினேடாவை, இணையத்திற் கண்ட காட்சிப்பதிவைக் கொண்டு 'ஜேர்னி' என்னும் அமெரிக்கக் குழு அழைத்துத் தன் பாடகராக்கியது. இவை பேறுகளாகவே பேசப்படுகின்றன. ஆயினும் அவையோர் அவ்விருவரிடமும் முதலிற் கேட்டது முன்னவர் குரலையே.

அண்மையில் மற்றொரு புதுமை நேர்ந்துள்ளது. 1982இன் பின் மேடையை விட்டிருந்த அபா குழுவினர், 2022 மே மாதத்தில் லண்டனிலே தனி அரங்கு அமைத்துத் தம் கச்சேரியைத் தொடங்கினர். தோன்றியவர்கள் அவர்களல்லர், கணினியாற் சமைத்த அவர்களுடைய இளமைக்கால ஒளியுருவங்கள். முதற்குழுவே தனக்குத் தான் போற்றிசைக் குழுவாகிவிட்ட விந்தை இது. பியோர்ன் அகெயின் குழுவினர் வேடம் புனைந்து செய்ததனை மூலத்தார் வேடமும் உடலுமின்றிச் செய்கின்றனர். அவ்வொளியுருவங்களின் அருகே, அதே மேடையில், உயிருள்ள வாத்தியக்காரர் பதின்மர் அமர்த்தப்பட்டனர். அவையோர் கண்கள் ஒளியுருவங்களின்மேல். மண்டபத்திலே அந்நேரத்திற் பிறக்கின்ற இசையோ அப்பதின்மர் கையிலிருந்து.