களத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள்

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டைப் பற்றி ஒரு பெண்ணியத் தொகுப்பில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. போரைச் சிறிதாக்கி மேசையில் வைக்கும்போது எது சுருங்குகிறது, எது காணாமலே போகிறது என்பது நம்மைப் பற்றிய கேள்வி.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் விளையாட விதிகள் வகுத்தார். 12 வயது முதல் 150 வயது வரையுள்ள பையன்களுக்கான விளையாட்டு இது என்று அந்த நூலின் நீண்ட தலைப்பே சொல்கிறது. பையன்களின் விளையாட்டை விரும்புகிற புத்திசாலிப் பெண்களும் சேர்ந்துகொள்ளலாமாம். பொம்மைப் போர் ஆடிப் பார்த்தவர்களுக்கு நிஜப் போர் எத்தனை பெரிய மடத்தனம் என்று புரியும் என வெல்ஸ் நம்பினார். அடுத்த ஆண்டே உலகப் போர் வந்தது. நம்பிக்கை பொய்த்தது, பெண்களுக்குத் தந்த அந்தச் சலுகை மட்டும் நெடுங்காலம் நீடித்தது.

என் முதுகலை மாணவி ஒருத்தி, அவள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 'ஒயிட் ட்வார்ஃப்' இதழ்கள் சிலவற்றை என்னிடம் தந்து, “மேடம், இதுல நம்மள மாதிரி யாராவது இருக்காங்களான்னு பாருங்க” என்றாள். 1977இல் இங்கிலாந்தில் தொடங்கிய இதழ் அது. ஆரம்பத்தில் பலருடைய விளையாட்டுகளையும் பேசியது. பிறகு, தன்னை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் சரக்கை மட்டுமே பேசுவதாக மாறியது. பொம்மை செய்பவரே பத்திரிகையும் நடத்தினால் அதில் மதிப்புரை எப்படி இருக்கும்? எல்லாப் பொம்மையும் அருமை, எல்லாமே வாங்க வேண்டியவை.

ஆனாலும் இவ்வகை இதழ்களில் இரண்டு விஷயங்களை நான் மதிக்கிறேன். ஒன்று, வண்ணம் தீட்டும் பாடம். கட்டைவிரல் உயரமே உள்ள உருவத்துக்கு அடிப்பூச்சு கொடுத்து, மடிப்புகளில் நிழலை இறக்கி, விளிம்புகளில் வெளிச்சத்தை ஏற்றுவதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். கையின் அறிவை எழுத்தில் கொண்டுவருவது எளிதல்ல. இரண்டு, ஆட்ட அறிக்கை. எதிரெதிரே ஆடிய இருவரும் எந்த நகர்வை ஏன் செய்தோம் என்று தனித்தனியே எழுதுகிறார்கள். தோற்றவருக்கும் சம இடம். நம் பரணியில் தோற்றவன் குரலுக்கு அந்த இடம் இல்லை.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பெண் பொம்மைகள் இருக்கின்றன. அவற்றில் பல, மார்பையும் தொடையையும் காட்டும் கவசத்தில் நிற்கின்றன. இதை ஆடைக் குறைவு என்று கண்டித்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது போதவில்லை. செங்கல்பட்டிலிருந்து பேருந்தேறி மாமல்லபுரம் போய், மகிஷாசுரமர்த்தினி குகையின் வடக்குச் சுவரைப் பாருங்கள். பல்லவச் சிற்பி செதுக்கிய துர்க்கையின் மேலுடலில் கச்சுக்கு மேல் ஆடை பெரிதாக இல்லை. ஆனால் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுக்கும் அந்த உடல் முழுவதும் எதிரியை நோக்கியிருக்கிறது. கதாயுதத்தைப் பற்றிய எருமைத்தலையன் பின்வாங்கிச் சாய்கிறான். பூதகணங்களோடு ஒரு பெண்ணும் வாளேந்திப் போரிடுகிறாள். நாம் பார்க்கிறோமா என்ற கவலை அவர்கள் யாருக்கும் இல்லை. பொம்மை நிறுவனங்களின் வீராங்கனையோ எதிரியை விட்டுவிட்டு, வாங்குபவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். எத்தனை சதை தெரிகிறது என்று அளப்பதைவிட, உடல் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று கேட்பதே சரியான அளவுகோல். முழுக் கவசம் பூட்டிய பெண் உருவத்தையும் இதே கேள்வியால் சோதிக்கலாம்.

போர்ப் பொம்மைகளைப் பெண்கள் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1826இல் பாட்ரிக் பிராண்ட்டி தன் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் மூவரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். சார்லட் தன்னுடையதற்கு வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டாள். நம் மண்ணிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேல் 1799இல் படையெடுத்துப் போனவர்களில் ஒருவர்தான் அந்த வெலிங்டன். அந்தச் சிப்பாய்களுக்காக அவர்கள் நாடுகளைப் படைத்தார்கள்; பொம்மைகள் படிக்கும் அளவில், உள்ளங்கையில் அடங்கும் கையெழுத்துப் பத்திரிகைகளையும் உண்டாக்கினார்கள். 1830இல், 14 வயதில், சார்லட் நடத்திய இதழின் பெயர் 'இளைஞர் இதழ்'. பெண்பிள்ளை ஆசிரியராக இருந்தும் இதழ் இளைஞர்களுக்கு! ஆனாலும் விதிப்புத்தகமும் விலைப்பட்டியலும் இல்லாத அந்தப் பொம்மைகளிலிருந்துதான் நாவலாசிரியைகள் உருவானார்கள். ஒரு பொம்மையின் மதிப்பை நான் இங்கே வைத்துத்தான் எடைபோடுவேன்: அது வைத்திருப்பவரின் கையில் தீர்ந்துபோகிறதா, அல்லது அவரை எழுத வைக்கிறதா?

கொலுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவர்கள் தம் வலிமையை எல்லாம் துர்க்கைக்குக் கொடுத்துவிட்டுப் பொம்மைகளாய் நின்றார்கள் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். அப்படியானால் அதுவும் ஒரு போர்க்களமே. அதில் அசைபவள் ஒருத்திதான். படிக்குக் கீழே மண் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் பூங்கா அமைக்கும் பெண்ணின் வேலையும், மேசையில் மலையும் ஆறும் செய்யும் ஆணின் வேலையும் ஒன்றுதான். அவனுடையது கலை, பொழுதுபோக்கு, மாத இதழ். அவளுடையது வழக்கம், வீட்டு வேலை. கொலுவுக்கும் குற்றம் உண்டு: அது எல்லா வீடுகளுக்கும் உரியதாக இருந்ததில்லை, சாதியும் அந்தப் படிகளில் ஏறி அமர்ந்திருக்கிறது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் செய்து நாம் வாங்கிவரும் பொம்மையின் அடியில், அதைச் செய்த கையின் பெயர் இருப்பதில்லை.

கடைசியாக, அந்த இதழ்களைப் படிக்கையில் என்னை உறுத்திய ஒன்று. ஆட்டத்தில் செத்த பொம்மையை எடுத்து மேசையோரத்தில் வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போருக்கு விதி வகுத்த நூல் நம்மிடமும் உண்டு. தொல்காப்பியர் ஆநிரை கவர்தல் முதல் வெற்றி வரை போரைப் பூப்பெயர்களால் திணை பிரித்தார். அதோடு நிற்காமல் காஞ்சியையும் வைத்தார். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாமல் காக்கும் மனைவிக்குத் தொடாக்காஞ்சி என்று ஒரு துறை. கணவனை இழந்து நோன்பிருப்பவளுக்குத் தாபத நிலை என்று ஒரு துறை. இந்த இலக்கணம் நிரபராதி அல்ல. இழந்தவளுக்கு நோன்பைத் தவிர வேறு வாழ்வை அது காட்டவில்லை. ஆனாலும் களத்திலிருந்து எடுக்கப்பட்டவனுக்கு ஒரு வீடு இருந்தது என்பதை அது மறக்கவில்லை.

போர்ப் பொம்மை தொடாதீர்கள் என்று என் மாணவிகளுக்கு நான் சொல்ல மாட்டேன். படையை நகர்த்துங்கள், வண்ணம் தீட்டுங்கள், ஆட்ட அறிக்கையும் எழுதுங்கள். எழுதும்போது மேசையோரத்தில் கிடப்பவற்றையும் எண்ணி எழுதுங்கள். விலை உயர்ந்த அந்த வழவழப்புத் தாள்களில் நான் காணாத பக்கம் அதுதான்.