அரங்கேற்று காதையும் இசைக் கல்லூரியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பலரும் இசைக் கலைச்சொற்களின் பட்டியலாகவே படித்து வருகிறார்கள். அடியேன் அதை ஒரு பாடத்திட்டமாகவும் படிக்கிறேன். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒரு மாணவிக்கு ஆறு ஆசிரியர்! இன்றைய கல்லூரியில் கணக்கு தலைகீழ்: ஓர் ஆசிரியர், வகுப்பு நிறையப் பிள்ளைகள்.

ஆனாலும் இளங்கோவடிகளிடம் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவர் தகுதியையும் விரித்துச் சொன்னவர், அந்தப் பெண் விடியற்காலையில் என்ன சாதகம் பண்ணினாள், தப்பை யார் திருத்தினார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரல் பண்படுவதோ அங்கேதான்.

1949-இல் சென்னையில் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார். அங்கே படித்த டி. கே. கோவிந்த ராவ் அவரிடமே நேர்ச்சீடராகவும் கற்றார். வகுப்பும் வேண்டும், குருவின் பக்கத்தில் தனியாக உட்காரவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன?

நம்ம சாமராஜநகர்ப் பிள்ளைகளுக்கு மைசூரில் கங்கூபாய் ஹானகல் இசைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டம் வாங்கட்டும். ஆனால் தனிப்பாடத்தை வீண்செலவு என்று நிறுத்திவிடாதீர்கள். மாதவி மாலையின் விலை 1,008 கழஞ்சுப் பொன் என்று எழுதிய அடிகள், அவள் பயிற்சிக்கு ஆன செலவை எழுதவில்லை. ஒரு வியாபாரியின் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது. அந்தக் கணக்கைப் பெற்றோராகிய நாம்தான் போட வேண்டும்.